கதவுக்குப் பின்னால் மூன்று படங்கள்

மூட்டையைக் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தது நல்லதாகப் போயிற்று என்று ஞானசுந்தரி நினைத்தாள். உடனே, அப்படியொன்றும் நல்லதாகப் போகவில்லை, யாராவது கதவை முழுக்கத் திறந்தால் அதன்மேல் இடிக்கும், இடித்தால் குனிந்து பார்ப்பார்கள், பார்த்தால் இது யாருடையது என்று கேட்பார்கள் என்றும் நினைத்தாள். வேறு எதிலாவது கட்டியிருக்கலாம். வீட்டில் பழைய வேட்டி இருந்தது, பழுப்பில் ஒரு ஜமுக்காளம் இருந்தது, ஆனால் மருதமுத்து பீரோவுக்கு மேலிருந்து இறக்கியது இந்தச் செம்பருத்திப் பூப் போட்ட போர்வையைத்தான். ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவு, சிவப்பு சிவப்பாக, எங்கே நின்று பார்த்தாலும் கண்ணைக் குத்தும். அதன்மேல் மஞ்சள் நைலான் கயிறு வேறு. பஸ் கூரைமேல் சாமான் கட்டுகிறவர் மாதிரி முழங்காலை ஊன்றி இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். ஆபரேஷன் ஆன உடம்புங்க, லேசாக் கட்டினாப் போதும் என்று அவள் சொன்னதற்கு, "பாலத்து மேல ஆட்டோ குலுங்கும் சுந்தரி, உனக்குத் தெரியாது" என்றார். ஆட்டோக்காரரிடம் "உள்ள இருக்கறது படம், பாத்து ஓட்டுங்க, எங்க வீட்டம்மா வரைஞ்சது" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். அப்போது வெட்கமாக இருந்தது, ஆனால் அது வேறு வெட்கம், உள்ளே இனிப்பு வைத்த வெட்கம். இப்போது இருப்பது அப்படியில்லை. இப்போது இருப்பது, கல்யாண வீட்டில் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்து போனபிறகு, கூப்பிட்டது பின்னால் நிற்பவரை என்று தெரியும்போது வருவது. "என்ன ஞானம், அங்கயே நின்னுட்டே? இங்க வா" என்று கலியமூர்த்தி ஹாலின் நடுவிலிருந்து கூப்பிட்டான். காலேஜில் அவள் ஞானம், வீட்டில் சுந்தரி. இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்க நேர்ந்தது இல்லை. இதோ வர்றேன் என்று செருப்பை ஓரமாக விடுவதுபோல் குனிந்து, மூட்டையை இன்னும் ஒரு கை அகலம் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

ஹால் என்று சொன்னாலும் அது முன்பு ஜவுளிக்கடையாக இருந்த மாடி. தில்லை நகரில் அந்தக் கடை மூடி, கீழே வங்கி வந்து, மேலே மட்டும் விழாவுக்கும் கண்காட்சிக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். அலமாரிகளைப் பிடுங்கிய இடமெல்லாம் பூசி வெள்ளை அடித்திருந்தது. நடுவில் ஒரு பருத்த தூண், நாலு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி, புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொள்ள ஒட்டியது, அதை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அந்தக் கண்ணாடியில் கதவு தெரிந்தது, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு தெரிந்தது, இடுக்கில் பாதிச் செம்பருத்தி தெரிந்தது. அவள் கலியமூர்த்தியைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியையும் பார்த்தாள். போன வாரம் போனில் இவன் என்ன சொன்னான்? நம்ம செட்டு எல்லாரும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறோம் ஞானம், தேவசகாயம் போயிட்டான், இன்னும் யாரு யாரு கிளம்பறோமோ, அதுக்குள்ள ஒரு தடவை ஒரே கூரைக்குக் கீழ மாட்டிடணும், உன் கை படாம இது நடக்காது, நீ கட்டாயம் வரணும். உன் கை படாம. அவள் அந்த மூன்று வார்த்தையையும் கற்கண்டு மாதிரி நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்தாள். ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே சொன்னபோது மருதமுத்து தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். எந்தப் படத்தைக் கொண்டுபோவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், கடைசியில் மூன்று படம் என்று முடிவாயிற்று. இன்றைக்கு உள்ளே நுழைந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கலியமூர்த்தி ஒவ்வொரு சுவராகக் கையைக் காட்டினான். இது ரெபேக்காவுக்கு, படங்க பெங்களூர்லேர்ந்து லாரியில வருது. இது தேவசகாயத்துக்கு, அவன் பையன் எல்லாத்தையும் தர்றேன்னுட்டான். இது எனக்கு. அது யூசுப்புக்கு, ஜெர்மனிலேர்ந்து அனுப்பறேங்கறான், பாப்போம். அவள் அடுத்த சுவருக்காகக் காத்திருந்தாள். அடுத்த சுவர் இல்லை, அங்கே ஜன்னல் இருந்தது. "எதை எங்க மாட்டறதுன்னு நீதான் சொல்லணும் ஞானம். காலேஜ்லயே அப்படித்தானே? நாங்க வரைவோம், நீ மாட்டுவே" என்று அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. பழைய சிநேகிதத்தோடு, மனசாரச் சிரித்த சிரிப்பு. அதனால்தான் தாங்க முடியவில்லை. அவள் "பின்ன, அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்று தானும் சிரித்தாள். சிரித்த முகம் தூண் கண்ணாடியில் தெரிந்தது. யாரோ மாதிரி இருந்தது.

நாங்க வரைவோம், நீ மாட்டுவே. அவளும் வரைந்தாள். வரைந்தாளா இல்லையா? வருஷக் கடைசிக் கண்காட்சியில் அவளுடையதும் நாலைந்து தொங்கத்தானே செய்தன. எங்கே தொங்கின என்று யோசித்தால், மாடிப்படி திரும்பும் இடத்தில், அவளே கொண்டுபோய் மாட்டிய இடத்தில். நல்ல சுவரை எல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, யாரும் நின்று பார்க்க முடியாத இடத்தில் தன்னுடையதைத் தானே மாட்டினாள். அப்படியானால் இவன் மறந்ததில் என்ன தப்பு, மறப்பதற்குத் தோதாக அவள்தானே மாட்டினாள். "என்ன சொல்றே, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கலியமூர்த்தி கேட்டான். ரெபேக்கா ஜன்னல் திட்டில் உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். நரைத்த கிராப்பு, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. பெயர் பத்திரிகையில் வருகிறது, படங்கள் எங்கெங்கோ போகின்றன, இருந்தாலும் கடலைத் தோலை ஊதுகிற விதம் மட்டும் காலேஜ் மரத்தடியில் ஊதியது போலவே இருந்தது. ஞானசுந்தரி வாயைத் திறந்தாள். முதலில் தேவசகாயத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். பெரிய படத்தை இல்லை, இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு, அந்தக் கிணத்தடி பென்சில் படம், அதை மட்டும் நுழைஞ்சதும் எதுத்தாப்புல இருக்கற பெரிய சுவர்ல தனியா மாட்டினா, ஜனங்க அதைப் பாக்கறதுக்காக நடந்து கிட்ட போகணும், அப்படி நடந்து வந்துட்டாங்கன்னா அப்புறம் மெதுவாத்தான் நகருவாங்க. சொல்லிக்கொண்டு போகப் போக அது தானாக வந்தது. எங்கே கொஞ்சம் இருட்டு வேண்டும், எங்கே விளக்கு நேராக விழக்கூடாது, ரெபேக்காவின் பெரிய நீலங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்தால் ஒன்றை ஒன்று சாப்பிட்டுவிடும் என்பதெல்லாம் கை தானாகக் கோலம் போடுவதுபோல் வந்தது. "இதுக்குத்தான், இதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்று கலியமூர்த்தி தொடையில் தட்டினான். ஒவ்வொரு தட்டும் அவள்மேல் விழுந்தது. "இந்தக் கண்ணாடித் தூணை என்ன பண்றது?" என்று ரெபேக்கா கேட்டாள். "மூடிடணும்" என்று ஞானசுந்தரி சட்டென்று சொன்னாள். "சாம்பல் நிறத்துல துணியச் சுத்தி மூடிடணும், இல்லேன்னா படம் பாக்க வர்றவங்க தங்களையே பாத்துட்டுப் போயிடுவாங்க." ரெபேக்கா நிமிர்ந்து, "சரியாச் சொன்னே" என்றாள். கலியமூர்த்தி ஆமாம் ஆமாம் என்றான். உண்மைதான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் சொன்னது அதற்காக இல்லை. கண்ணாடியில் செம்பருத்தி தெரிகிறது, அதற்காக. இந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டோமே என்று நினைத்தபோது காதுமடல் சுட்டது.

காதுமடல் சுடும்போதெல்லாம் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அங்கே எப்போதும் குளிர்தான். மருதமுத்துவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பிய புதிதில் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார், வாயைத் திறந்துகொண்டு, கை ஒரு பக்கம் விழுந்துகிடக்க. அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும், கண்ணைத் திறந்து "இன்னும் இருக்கேன், போய் வேலையப் பாரு" என்பார். அதனால் ஒருநாள் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் வரைய ஆரம்பித்தாள். வரைந்தால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. மூக்கின் ஓட்டை விரிகிறதா, தொண்டைக் குழி ஏறி இறங்குகிறதா, ஏறி இறங்கினால் ஒரு கோடு. கல்யாணமான நாளிலிருந்து பென்சிலைத் தொடாத கை, முதலில் வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி துண்டு துண்டாகத்தான் போயிற்று. பிறகு தாள் வாங்கினாள், பிறகு சாயம் வாங்கினாள், அவர் உடம்பு தேறினபிறகும் நிறுத்த முடியவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளை வரைந்தாள், கருப்புக் கருப்பாக வெயிலில் உட்கார்ந்திருப்பவற்றை. காய்ந்து விறைத்துப்போன அவருடைய காக்கிச் சட்டையைக் கொடியில் வரைந்தாள். கடைசியில் துணிந்து அவர் தூங்குவதையே பெரிதாக வரைந்தாள். "என் வாயை ஏன் இப்படித் தொறந்து வச்சிருக்கே, ஈ பூந்துடும்" என்று சொல்லிவிட்டு, பால்காரரை உள்ளே கூப்பிட்டு, கேபிள்காரரை உள்ளே கூப்பிட்டு, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம் என்று காட்டினார். அந்த வாயைத் திறந்த முகம் இப்போது கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. தண்டனை கொடுத்து நிறுத்தின மாதிரி. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மண்ணில் விழுந்த பலகாரத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்ததுபோல் இந்தப் படங்களைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் கூசியது.

கலியமூர்த்தியின் போன் அடித்தது. பேசிக்கொண்டே நடந்தான், "அப்படியா, சரிடா, பரவாயில்லை விடு" என்றான். வைத்துவிட்டு, "யூசுப் அனுப்பலையாம். ஏதோ கஸ்டம்ஸ் பிரச்சினையாம், இல்லேன்னா மனசு இல்லையோ என்னவோ. இப்ப இந்தச் சுவருக்கு என்ன பண்றது?" என்றான். மூன்று பேரும் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். வடக்குப் பார்த்த சுவர், ஜன்னல் வெளிச்சம் நேராக விழாமல் வழிந்து வருகிற சுவர், அந்த ஹாலிலேயே நல்ல சுவர். இதுதான், இப்போதுதான் என்று அவளுக்குள் ஒன்று எழுந்து நின்றது. சொல்லிவிடு. என்கிட்ட மூணு இருக்கு, அந்தக் கதவுக்குப் பின்னால. எவ்வளவு சின்ன வாக்கியம். மளிகைக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு என்று சொல்வதைவிடச் சின்னது. ஆனால் சொன்னால், அப்போ இதுக்காகத்தான் கொண்டாந்தியா என்பது கலியமூர்த்தியின் முகத்தில் வரும். ஐயோ, கூப்பிட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்பது வரும். அப்புறம் பாவம் என்பது வரும், அதற்கப்புறம் அவன் சரி மாட்டிடலாம் என்பான், ரொம்ப வேகமாகச் சொல்வான், அந்த வேகத்தில் எல்லாம் இருக்கும். யூசுப் வராததால் கிடைத்த சுவர். ரயிலில் யாரோ வராமல் போனதால் காலியான இடத்தில் துண்டைப் போட்டு உட்காருவது. பிறகு அவளுடைய குரல் சொன்னது, "காலியா விட்டுடலாம்." கலியமூர்த்தி புருவத்தைத் தூக்கினான். "ஒண்ணுமே வேணாம். தேவசகாயத்தோட கடைசிப் படங்க எல்லாம் ரொம்ப இருட்டு. அதைப் பாத்துட்டு உடனே ரெபேக்காவோட நீலத்துக்கு வந்தா கண்ணு வாங்காது. நடுவுல வெறும் சுவரு இருந்தா ஆளு கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு பெஞ்சு போட்டா உக்காந்துக்கலாம்." ரெபேக்கா கடலையை மெல்வதை நிறுத்தினாள். எழுந்து வந்து அந்தச் சுவருக்கு முன்னால் நின்றாள். "ஞானம், இது எனக்குத் தோணவே தோணாது" என்றாள். கலியமூர்த்தி, "காலிச் சுவருக்கு வாடகை குடுக்கறதும் ஒரு கலைதான்" என்றான், ஆனால் அவனுக்கும் பிடித்திருந்தது. அது நல்ல யோசனைதான். யாருடைய கண்காட்சியாக இருந்தாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? கதவுக்குப் பின்னால் மூட்டை இல்லாவிட்டால் சொல்லியிருப்பாளா? பயத்தில் சொன்னது எப்படிச் சரியாக இருக்கும், சரியாக இருந்தால் அது பயத்தில் சொன்னதாக எப்படி ஆகும். நூல்கண்டில் சிக்கு விழுந்த இடம் மாதிரி மனசு அங்கேயே வந்து வந்து நின்றது. தன் கையாலேயே மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டவள், இன்றைக்கு அதுவும் இல்லாமல் செய்துகொண்டாள். அதற்கு இரண்டு பேர் பாராட்டினார்கள்.

ஹால் ஆபீஸில் இருக்கும் பர்வீன் என்ற பெண் விளக்குகளை எரியவிட்டுப் பார்க்க உள்ளே வந்தாள். வந்தவள் கதவை முழுக்கத் தள்ளினாள். கதவு மெத்தென்று இடித்து நின்றது. ஞானசுந்தரி திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் பார்த்தாள். பர்வீன் குனிந்தாள், போர்வையைத் தொட்டாள், கயிற்றைப் பிடித்து அரையடி தூக்கிக் கனம் பார்த்தாள். "மேடம், இந்த மூட்டை யாருதுங்க?" அவள் கேட்டது ஞானசுந்தரியைத்தான், பக்கத்தில் நின்றவள் அவள்தான். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று பிறகு யோசித்தபோது, நேரமே இருக்கவில்லை என்றுதான் தோன்றியது. சூடான பாத்திரத்தில் பட்ட கை எடுத்துக்கொள்வதைப்போல, "தெரியலையே" என்று வந்துவிட்டது. "பேனர் கட்ட வந்தவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க போல. ஸ்டோர் ரூம்ல போட்டு வைக்கறேன்" என்று பர்வீன் அதைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது ஒரு மூலை தரையில் இழுபட்டது. கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா என்று சொல்ல வாய் வந்தது, எப்படிச் சொல்வது. ஸ்டோர் ரூம் கதவு திறந்தபோது உள்ளே பழைய கடையின் பொம்மைகள் தெரிந்தன, புடவை கட்டிக் காட்டுகிற பொம்மைகள், சிலவற்றுக்குத் தலை இல்லை, சிலவற்றுக்குக் கை இல்லை. அவற்றின் நடுவில் போய் அவர் சாய்ந்து நின்றார். அவர் என்றுதான் நினைத்தாள், படம் என்று நினைக்கவில்லை. கதவு மூடியது. இப்போது கண்ணாடியில் செம்பருத்தி இல்லை. நியாயமாக நிம்மதியாக இருக்கவேண்டும். அதற்குப் பதில், கடைத்தெருவில் சொந்தக்காரரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போனபிறகு, அவர் பார்த்திருப்பாரோ பார்த்திருக்கமாட்டாரோ என்று அன்றைக்கெல்லாம் அரிப்பதுபோல் அரித்தது. கலியமூர்த்தி அழைப்பிதழில் என்ன போடலாம் என்று கேட்டான். அவள் ஏதோ சொன்னாள். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இன்னும் ஒன்று இருந்தது. அதைத்தான் அவள் காலையிலிருந்து கிட்டப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். மருதமுத்து வருவார். சாயங்காலமா வந்து கூட்டிட்டுப் போறேன், எல்லாரையும் ஒரு பார்வை பாத்த மாதிரியும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். போனில் கலியமூர்த்தி, வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று கேட்டபோது "டிரான்ஸ்போர்ட்ல ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆயிட்டாரு" என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் கண்டக்டர். கடைசி வரைக்கும் கண்டக்டர். துறையூர் வண்டியில், முசிறி வண்டியில், நின்றுகொண்டே வாழ்ந்த ஆள், ஸ்டாப்பிங் பெயரைக் கூவிக் கூவி அந்தக் குரல் வீட்டிலும் இறங்காது, உப்பு கேட்டாலும் பஸ் முழுக்கக் கேட்கும். அந்தக் குரலைத்தான் அவள் அன்றைக்குப் போனில் ஆபீசராக்கினாள். ஏன்? யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். கலியமூர்த்தியின் அப்பாவே லாரி செட்டில் வேலை பார்த்தவர். மருதமுத்துவை அவள் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், போனில் அந்த வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தபிறகுதான் அது எங்கோ உள்ளே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். தலைவலி என்று படுத்திருக்கலாம். தலைவலி மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை, நெஞ்சுவலி எல்லாம் வேண்டாம் என்று அவசர அவசரமாகத் திருத்தினாள். என்ன மனுஷி நான் என்று நினைத்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக ஏறி, நடுவில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறும் சத்தம். அவர்தான். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் முன்னாடியே கிளம்பிவிட்டார்.

கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, மடிப்புக் கோடு கலையாமல். பையில் பேனா. நெற்றியில் வேர்வை. வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார், பிறகு சுவர்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக, முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. அந்தப் பெரிய குரலில் கேட்டார், "சுந்தரி, எந்தச் சுவரு நம்மளது?"

கலியமூர்த்தி, "வாங்க சார், எதுக்குச் சுவரு?" என்றான்.

"படத்துக்குத்தான். மூணு படம் கொண்டாந்துச்சே. செம்பருத்திப் பூப் போட்ட போர்வையில நான்தான் கட்டிக் குடுத்தேன். எங்க அது?"

விளக்குப் பலகையருகே நின்ற பர்வீன் திரும்பினாள். "அதா சார்? ஸ்டோர் ரூம்ல இருக்கு. மேடம்கிட்டதான் கேட்டேன், தெரியலைன்னாங்களே."

மருதமுத்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். எவ்வளவு கூட்டமா இருந்தாலும் டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி தனியாத் தெரியும் சுந்தரி, அவன் ஜன்னலுக்கு வெளிய ரொம்பக் கவனமாப் பாத்துக்கிட்டிருப்பான் என்று சொல்லியிருக்கிறார். அவள் யூசுப்பின் சுவரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் வெள்ளையாக இருந்தது. அதில் ஒரு பழைய ஆணி ஓட்டை சரியாக மூடப்படாமல் இருந்தது, அதைப் பூசச் சொல்லவேண்டும் என்று ஒரு நினைப்பு சம்பந்தமில்லாமல் ஓடியது. பிறகு அவர் சிரித்தார். "அவளுக்கு எப்படித் தெரியும்? அவ மேல ஏறி வந்தப்புறம் நான்தான் ஆட்டோக்காரர்கிட்டக் குடுத்து அங்க வைக்கச் சொன்னேன். அவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா. எனக்குத்தான் ஆசை, நாலு பேரு பாக்கட்டுமேன்னு. தப்பா எடுத்துக்காதீங்க." முன்னும் பின்னும் ஒட்டாத பொய். கொண்டாந்துச்சே என்று சொல்லி இன்னும் ஈரம் காயவில்லை. ஆனால் எல்லோரும் நல்ல மனசோடு அதை எடுத்துக்கொண்டார்கள். கலியமூர்த்தி சிரித்தான். "கொடுத்து வச்சவ ஞானம் நீ. எனக்கும் ஒருத்தி இருக்கா, படத்தை எல்லாம் பரண்ல ஏத்துங்கறா." பர்வீனும் சிரித்தாள். மருதமுத்து எல்லோரோடும் சேர்ந்து, தன்னைப் பார்த்தே, ஆசை பிடித்த கிழவனாகத் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். அவர் நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தார். ஞானசுந்தரியும் சிரிக்கலாம். சிரித்தால் முடிந்துவிடும். கதவு திறந்துதான் இருக்கிறது, போய்விடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார், அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அவளால் அந்த முகத்தை அதற்குப் பிறகு பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தாள், அதுவே ஒரு துரோகம் என்று தெரிந்துகொண்டு காத்திருந்தாள்.

"அவரு பொய் சொல்றாரு" என்றாள். குரல் சின்னதாக வந்தது. "நான்தான் கொண்டாந்தேன். நீங்க கூப்பிட்டது படத்துக்குன்னு நினைச்சுட்டேன். வந்ததும் தெரிஞ்சுபோச்சு, அதான் ஒளிச்சு வச்சேன். அந்தப் பொண்ணு கேட்டதுக்குத் தெரியலைன்னும் சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "இவரு ஆபீசரும் இல்ல. கண்டக்டரா இருந்தவரு." இது ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது.

கலியமூர்த்தியின் முகத்தில் அவள் எதிர்பார்த்த எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் வாய் திறந்து, "அட, இத முன்னாடியே சொல்லக்கூடாதா ஞானம், தோ இந்தச் சுவரு காலியாத்தானே இருக்கு, மாட்டிடலாம்" என்றான். ரொம்ப வேகமாக. "வேணாம்" என்றாள் அவள். "அது காலியாத்தான் இருக்கணும். அது நிஜம்." நிஜம் என்று சொன்னபோதுதான் அது நிஜம் என்று அவளுக்கும் தெரிந்தது. ரெபேக்கா ஸ்டோர் ரூமுக்குப் போனாள், பொம்மைகளின் நடுவிலிருந்து மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் சாய்த்தாள். முடிச்சு அவளால் அவிழவில்லை. மருதமுத்து போய்க் குத்தவைத்து உட்கார்ந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். போர்வை விழுந்தது. முன்னால் நின்றது தூங்குகிற படம்தான். ஞானசுந்தரி தரையைப் பார்த்தாள். தன் காலின் பெருவிரல் நகத்தில் பச்சைச் சாயம் காய்ந்திருப்பதைப் பார்த்தாள், காலையில் தேய்த்துத் தேய்த்தும் போகாதது. கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. ரெபேக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனாள், பின்னால் வந்தாள், மறுபடி கிட்டே போனாள். பிறகு பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்து, "சார், நீங்க குறட்டை விடுவீங்களா?" என்றாள்.

"விடுவேங்க."

"கேக்குது" என்றாள் ரெபேக்கா. அவ்வளவுதான் சொன்னாள். மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு, தொட்டிப் படத்தில் நிழல் தப்பு ஞானம், அது அப்படி விழாது என்றாள். ஞானசுந்தரி தலையாட்டினாள். அது தப்புதான். வரையும்போதே தெரியும்.

திரும்பும்போது ஆட்டோவில் மூட்டை இருவருக்கும் நடுவில் நின்றது. இந்தத் தடவை முடிச்சைத் தளர்வாகத்தான் போட்டிருந்தார். படங்கள் மாட்ட என்றைக்கு வரவேண்டும் என்று கலியமூர்த்தி இரண்டு தடவை சொல்லியிருந்தான், அவளும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான், அவளும் அப்படித்தான். வெயில் இறங்கிவிட்டது. அவள் கண்ணில் வந்தது விழவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

"நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"பின்ன என்ன பண்ணச் சொல்றே. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

பாலம் ஏறும்போது வண்டி குலுங்கியது. அவர் ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் இறங்கியபிறகுதான் பேசினார், சிரித்துக்கொண்டேதான் பேசினார். "இருந்தாலும் என்னைத் தெரியலைன்னுட்டியே சுந்தரி."

"மூட்டையைத்தாங்க அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"தெரியும், தெரியும்" என்றார். சிரிப்பு கொஞ்ச நேரம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது, பிறகு இல்லை. வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார். கடைகள் போயின, ஒரு பள்ளிக்கூட மதில் போயிற்று. அவள் அவருடைய காதையும் காதுக்குக் கீழே நரம்பையும் பார்த்தாள், அது துடிப்பதைப் பார்த்தாள். என்ன சொன்னாலும் அது தெரியலையே என்று சொன்னதற்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும் என்று தோன்றியது. நடுவில் இருந்த மூட்டையைத் தூக்கித் தன் பக்கத்து ஓரமாக நிறுத்தினாள். அது இருந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு, அப்படியே வெளியே பார்த்தபடி, சற்றுத் தள்ளி அவளுக்கு இடம் விட்டார்.